சும்மா பாடிவைத்த ஏழு பாட்டு

போஸ்ட்-பங்க் என்றால் என்னடி என்று அம்மா ஆம்பூரிலிருந்து போனில் கேட்டாள். "பாஸும் டிரம்ஸும் ஒரே இடத்துல நின்னு இடிச்சுக்கிட்டே இருக்கும், மேல ஒருத்தி கத்துவாம்மா" என்றேன். "இதுக்கா இன்ஜினியரிங் படிச்ச?" என்று போனை வைத்துவிட்டாள்.

பாஸ் கிதார் நான், இளவேனில். டிரம்ஸ் உத்தமன், பெங்களூர் பொம்மசந்திராவில் ஷிஃப்ட் வேலை. கத்துகிறவள் டீனா, கிதாரும் அவள்தான். ரிச்சர்ட்ஸ் டவுன்காரி. ஞாயிறு காலையில் சர்ச் கொயரில் பாடிவிட்டு, அதே தொண்டையோடு மத்தியானம் எங்களிடம் வந்து கூரை பிய்ந்துபோகக் கத்துவாள். பேண்டின் பெயர் 'டேங்கர் தண்ணி'. டீனாவின் குரலை எடுத்துவிட்டால் எங்களிடம் மிஞ்சுவது வெறும் இடிதான். அது எனக்கு அப்போதே தெரியும்.

பிப்ரவரியில் ஆடுகோடியில், நாகேஷ் சாரின் ஸ்டுடியோவில் முதல் ஆல்பம். ஏழு பாட்டு. உத்தமனுக்கு இரண்டே நாள் லீவு, அதனால் டிரம்ஸை முதலில் பதிந்தோம். டிரம்ஸ் அடிக்கிறவனுக்குப் பாட்டு எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமே, அதற்காக டீனா டிராக் பாடினாள். டிராக் என்றால் வழிகாட்டச் சும்மா பாடிவைப்பது; பிறகு அதை அழித்துவிட்டு அசலைப் பாட வேண்டும். வார்த்தை மறந்த இடத்தில் லாலா போட்டாள். ஒரு பாட்டில் இருமினாள். உத்தமன் தப்பாக அடித்ததற்கு ஒன்றில் சிரித்தே விட்டாள். ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் மைக்கிலேயே சொன்னாள்: "இது சும்மா. அப்புறம் நல்லா பாடறேன்."

நாலு ஊரில் வாசிக்க டூர் கிளம்ப மூன்று நாள் இருந்தது. "வேனி, ஒரு மத்தியானம் போதும் மேன், பாடி முடிச்சிட்டே போயிடலாம்" என்றாள்.

நான்தான் பெரிய மேதாவி ஆயிற்றே. "டூர்ல பாடிப் பாடி ஊறட்டும்டி. வந்து பாடினா பின்னிடுவ."

அவள் என்னை நம்பினாள். என் வாயில் கொள்ளி வைக்க.

சென்னை, கொச்சி, ஹைதராபாத், புனே. எல்லாம் ஸ்லீப்பர் கோச். டிரம்ஸ் அந்தந்த ஊரில் இரவல். கொச்சியில் நாற்பது பேர் வந்ததற்கே மூன்று பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். ஹைதராபாத்தில் அவள் குரல் கரகரத்தது. "இதுதான் கெத்தா இருக்கு" என்றான் உத்தமன். நானும் ஆமாம் போட்டு, மிளகும் பனங்கற்கண்டும் வாயில் திணித்து மேடைக்கு அனுப்பினேன். புனேயில் நான்காவது பாட்டின் நடுவே வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மைக் போய்விட்டதாக நினைத்து சவுண்ட்காரரைப் பார்த்துத் திட்டினேன். மைக் நன்றாகத்தான் இருந்தது.

பெங்களூருக்கு வந்ததும் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. "பேச்சு வந்துடும்மா. கத்திப் பாடறத மட்டும் மறந்துடச் சொல்லுங்க" என்றார் டாக்டர், டீனாவின் அம்மா பிரிஜெட் ஆன்ட்டியிடம். ஆன்ட்டி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த முறை போனபோது டப்பாவில் கேக் வைத்துக் கொடுத்தார். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை.

ஆறு வாரம் அவள் வாயே திறக்கக் கூடாது. அந்த ஆறு வாரத்துக்குள் வெளியிடுகிறவர்களிடம் ஆல்பத்தை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. வேறு யாரையும் பாடவைக்க டீனா சம்மதிக்கவில்லை. நானே பாடிப் பார்த்தேன். நாகேஷ் சார் மரியாதைக்காரர். "ஸாக்கும்மா, ஸாக்கு, போதும்" என்றார். மிச்சம் இருந்தது டிராக்தான். மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம். இருமலும் லாலாவும் சிரிப்புமாக ஏழு பாட்டு, ஏழு முறை அந்த வாக்கியம்.

"கடைசியில பேசறத கட் பண்ணிடறேன், ஆய்த்தா, சரியா?" என்றார் நாகேஷ் சார்.

டீனா போனில் தட்டிக் காட்டினாள்: இருக்கட்டும்.

"வேணாம்டி, ப்ளீஸ்" என்றேன்.

மறுபடி தட்டினாள்: பாட்டு நல்லா இல்ல. பேசறதாவது நல்லா இருக்கு.

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவள் என் முதுகைத் தட்டிக் கொடுத்தாள், பாவி.

அக்டோபரில் ஆல்பம் வெளியானது. முடிக்காமல் விட்டதுதான் எங்கள் துணிச்சல் என்று இணையத்தில் ஒருவர் எழுதினார். துணிச்சலாம், மண்ணாங்கட்டி! ஆனால் அதற்குப் பிறகு நிறையப் பேர் கேட்டார்கள்.

டிசம்பரில் இந்திராநகரில் மேடை. இருநூறு பேர், நாங்கள் கனவிலும் காணாத கூட்டம். டீனா கிதார் மட்டும் வாசித்தாள். அவள் குரல் லேப்டாப்பிலிருந்து வந்தது. முதல் பாட்டு முடிந்ததும், லேப்டாப் சொல்வதற்கு முன்னாலேயே கூட்டம் கத்தியது: "இது சும்மா! அப்புறம் நல்லா பாடறேன்!" தமிழ் தெரியாதவர்கள்கூட மனப்பாடம் பண்ணியிருந்தார்கள். கையை உயர்த்தி, சிரித்து, ஆசையாகக் கத்தினார்கள். யார்மேல் கோபப்படுவது?

டீனா என் பக்கம் திரும்பினாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்கு மிஞ்சிய அந்த மெல்லிய குரலில், "நம்பறாங்க பாரு மேன்" என்றாள்.

இன்னும் ஆறு பாட்டு இருந்தது. உத்தமன் குச்சியைத் தட்டி அடுத்ததைத் தொடங்கிவிட்டான், நான் வாசித்தேன்.