அக்காவுக்கு ஒரு தலையணை உறை

லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தலையணை உறையில் ரோஜாப்பூ தைப்பதில் ஒரு பைத்தியம். பார்ப்பவர்கள் அதை முட்டைக்கோஸ் என்பார்கள். நர்ஸாக இருக்கும் தன் அக்காவுக்குப் போன பிறந்தநாளில் அப்படி ஒன்றைக் கொடுத்தார். அப்புறம் அவள் வீட்டுக் கட்டிலில் அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

"இந்தத் தடவை நான் வாங்கி வச்ச ஃப்ளாஸ்க்கையே குடுங்க. மானமாவது மிஞ்சும்," என்றாள் மனைவி.

அதுதான் சரியென்று அவருக்கும் பட்டது. ஆனாலும் மனசு கேட்காமல், புது உறையை மடியில் விரித்துக் கடைசி இலையைத் தைத்துக்கொண்டிருந்தார். அழைப்புமணி அடித்தது. மனைவி போய்த் திறந்தாள். அக்காதான். அவசரமாக உறையைச் சோபா இடுக்கில் தள்ளிவிட்டு, ஃப்ளாஸ்க்கோடு எழுந்தார். உறையும் கூடவே எழுந்து வந்தது. இலையைப் பேன்ட்டோடு சேர்த்துத் தைத்திருக்கிறார், மனுஷன்.

"எனக்காடா?" அக்கா சிரித்துக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்துக் குனிந்தாள். "நல்லதாப் போச்சு. பழச டூட்டி ரூம்லயே வச்சிருந்தேன். தொவச்சுத் தொவச்சுத் துணி நைஞ்சுபோச்சு. உன் முட்டைக்கோஸ் மட்டும் அசையவே இல்ல."

மெக்கானிக் ஃப்ளாஸ்க்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

முடிச்சு பிரியவில்லை; நூலுக்கடியில் கத்தரி நுழையவும் இடமில்லை. "ரெண்டுல ஒண்ண வெட்டித்தான் ஆகணும்டா," என்றாள் அக்கா.

"பேன்ட்ட வெட்டுக்கா," என்றார், அது புதுப் பேன்ட் என்பதையே மறந்து.