விரிப்பின் இன்னொரு முனை

கார் அனுப்புகிறேன் என்று முதலாளி சொன்னபோதே கறார் அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அவளைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. பக்கத்து வீட்டுக்காரி "சௌக்கியமா?" என்று கேட்டால்கூட, இவளுக்கு நம்மிடம் என்ன காரியம் ஆகணுமோ என்று யோசிக்கிற பிறவி அவள். கல்யாணமான புதிதில் புருஷன் ஆசையாக ஒரு ஜோடி செருப்பு வாங்கி வந்து கொடுத்தபோது, "என்ன தப்பு பண்ணிட்டு வந்திருக்கீங்க?" என்று கேட்டவள். அந்த மனுஷன் சிரித்துச் சிரித்து, கடைசிவரைக்கும் அதைச் சொல்லிக்காட்டிக்கொண்டே இருந்தார்.

இப்போது சொல்லிக்காட்ட அவர் இல்லை.

இரண்டு பேருக்கும் வேலை ஒரே இடத்தில்தான். ஊரில் இருக்கிற பெரிய ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளையெல்லாம் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து வெளுத்துக் கொடுக்கிற சலவைக்கூடம். அவர் சாமான் அறைக்குப் பொறுப்பு, இவள் விரிப்பு மடிக்கிறவள். புது விரிப்புகள் காணாமல் போகின்றன என்று அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். ஒருநாள் அந்த அறைக்குள்ளேயே மண்டையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தார். நான்தான் தனியாகச் செய்தேன் என்று மடிக்கிற பையன் ஒருவன் ஒப்புக்கொண்டான். குள்ளமாக இருப்பான் என்பதால் அவனை எல்லோரும் அரையாள் என்று கூப்பிடுவார்கள். அவனுக்குத் தூக்கு என்று தீர்ப்பாயிற்று. மேல்கோர்ட்டும் அதையே சொல்லிவிட்டது.

பாக்கி இருப்பது கருணை மனு. அதை நாட்டின் தலைவருக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு குழு உட்கார்ந்து, செத்தவர் வீட்டாரின் வார்த்தையையும் கேட்குமாம். அதற்குத்தான் இந்தக் கார்.

"பஸ்ஸுல எல்லாம் நீ அலைய வேணாம்மா. நானும் கூடவே வர்றேன்" என்றார் முதலாளி. "நீ ஒண்ணும் பெருசா பேச வேணாம். 'மன்னிக்க மாட்டேன்', அவ்வளவுதான். போதும்."

"நான் மன்னிக்கத்தான் மாட்டேன், முதலாளி. அதுக்கு எதுக்கு உங்களுக்குச் சிரமம்?"

"சிரமம் என்ன இருக்கு? அவரு எனக்குத் தம்பி மாதிரி."

தம்பி மாதிரி! உயிரோடு இருந்தவரைக்கும் இதே முதலாளி அறையில் அந்தத் தம்பிக்கு உட்கார ஒரு நாற்காலி காட்டியதில்லை. கறார் அக்கா தலையை ஆட்டிவிட்டு வந்தாள். வந்தவளுக்கு வேலை ஓடவில்லை.

மடிக்கிற மேசையில் அவளுக்கு ஜோடி லொடலொடா. பெயருக்கு ஏற்ற வாய். அந்த ஹோட்டல் விரிப்புகள் ஒவ்வொன்றும் கப்பல் பாய் மாதிரி இருக்கும். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, உதறி, நடந்து வந்து மூலையோடு மூலை சேர்த்தால்தான் மடிப்பு விழும். அதனால் அங்கே எல்லோருக்கும் ஒரு ஜோடி உண்டு. ஜோடி லீவு போட்டால் நீயும் சும்மாதான் நிற்க வேண்டும்.

"அந்த ஆளு ஏன்டி கூட வரணும்?" என்றாள் கறார் அக்கா.

"ஏன்க்கா, நல்ல மனசுன்னு நெனைச்சுக்கோயேன். நாளைக்கு எமனே வந்து நின்னாலும் நீ அடையாள அட்டை எங்கேன்னுதான் கேப்ப."

"கேப்பேன். வேற யாரையோ கூட்டிட்டுப் போக வந்தவன் என்னை இழுத்துட்டுப் போனா?"

லொடலொடா வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, தண்ணீர் குடிக்கப் போனாள். அதற்குள் மேஸ்திரி அந்தப் பக்கத்திலிருந்து, "கை சும்மா நிக்குது?" என்று கத்தினான். அவன் வாயை அடைக்க, கறார் அக்கா ஒரு விரிப்பைத் தனியாகவே எடுத்து உதறினாள். ஒரு முனை கையில், மறுமுனை தரையில். கையை எட்டுகிற மட்டும் உயர்த்தினாள். அப்போதும் அது ஈரத் தரையில் புரண்டு, ஓரமெல்லாம் கறுப்பாக அழுக்கு ஏறிவிட்டது. திரும்ப வெளுக்க வேண்டியதுதான்.

அப்படியே நின்றுவிட்டாள்.

அன்றைக்குச் சாமான் அறைக்குள் அவரை முதலில் பார்த்தவள் இவள்தான். பார்த்தாள் என்றா சொல்வது? முதலில் கண்ணில் பட்டது விரிப்பு அடுக்குதான். வெள்ளை வெளேரென்று, மூலையோடு மூலை பிசகாமல் மடித்து அடுக்கியிருந்தது. அதைத் தூக்கியபோது உள்மடிப்பெல்லாம் சிவப்பு. தரையைத் துடைத்துவிட்டு, கறை உள்ளே போகும்படி மடித்து, அவர்மேலேயே அடுக்கியிருக்கிறார்கள். கோர்ட்டில் அந்தப் படத்தையும் காட்டினார்கள். எல்லோரும் சிவப்பைப் பார்த்தார்கள். இவளும் சிவப்பைத்தான் பார்த்தாள். மடிப்பை யார் பார்த்தார்கள்?

அரையாள் இவள் தோளுக்குக்கூட வரமாட்டான்.

லொடலொடா வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"அரையாளுக்கு அப்போ ஜோடி யாருடி?"

எப்போதும் ஓடுகிற அந்த வாய் சட்டென்று நின்றது. "தெரியாத மாதிரி கேக்குற. சின்ன முதலாளிதான்."

முதலாளியின் அக்கா பையன். கீழே இருந்து தொழில் கற்றுக்கொள்ளட்டும் என்று அவனை மடிக்கிற மேசையில் போட்டிருந்தார்கள்.

"அன்னிக்கு அவன் ஊர்லயே இல்லைன்னு கோர்ட்டுல சொன்னாங்களே."

"சொன்னாங்க."

"இருந்தானா, இல்லையா?"

"மடிக்கா. மேஸ்திரி பாக்குறான்."

"உனக்குத் தெரியுமாடி?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம், வீட்டுல ரெண்டு பொண்ணு இருக்குது, அதுங்களுக்குச் சோறு இங்கேருந்துதான் போகுது."

அதற்குப் பிறகு வேலை முடிகிறவரைக்கும் லொடலொடா பேசவில்லை. இத்தனை வருஷம் எதிர்முனையைப் பிடித்தவளின் முகத்தைக்கூட இனி நம்ப முடியாதோ என்று கறார் அக்காவுக்கு ஆகிவிட்டது.

குழு கூடுகிற அன்று காரில் முன்சீட்டில் இருந்த முதலாளி, வழியெல்லாம் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பாடம் சொன்னார். அழுகை வந்தால் அடக்காதே, கேள்வி கேட்டால் நீட்டாதே. இவள் ஊம் கொட்டிக்கொண்டே வந்தாள்.

அலுவலகத்து நடையில் ஒரு பெஞ்சில் அரையாளின் அம்மா உட்கார்ந்திருந்தாள். இதற்கு முன்னால் இவள் வீட்டு வாசலில் வந்து அழுதவள்தான். நாடகம் போடுகிறாள் என்று இவள் கதவைச் சாத்தியிருக்கிறாள். இன்றைக்கு அவள் முதலாளியைக் கண்டதும் எழுந்து நின்றாள். முதலாளி நிற்கவில்லை. ஆனால் போகிற போக்கில் தலையை லேசாக, வேண்டாம் என்கிற மாதிரி அசைத்தார். கறார் அக்காவின் கண்ணுக்கு அது தப்புமா?

கதவருகே இருந்த ஊழியர் முதலாளியைத் தடுத்தார். "சொந்தக்காரங்க மட்டும்தான் சார்."

"எனக்குத் தம்பி மாதிரிங்க."

"மாதிரியெல்லாம் உள்ள விட முடியாது சார்."

உள்ளே நீளமேசை. நடுவில் உட்கார்ந்திருந்த அம்மாள்தான் குழுவின் தலைவி. குரல் தணிவாக இருந்தது.

"அந்தப் பையனை நீங்க மன்னிக்கிறீங்களா?"

"இல்லீங்க."

"அப்போ தண்டனையை நிறைவேத்தணும்ங்கிறீங்க."

"அதுவும் இல்லீங்க."

அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். கறார் அக்கா விரிப்பைப் பற்றிச் சொன்னாள். கையை நீட்டி, மடக்கி, எப்படிப் பிடிப்பது என்று காட்டினாள். சொல்லும்போதே அவளுக்கே சந்தேகம்: பைத்தியம் என்று நினைப்பார்களோ?

ஓரத்தில் இருந்தவர் தொண்டையைச் செருமினார். "வழக்கு முடிஞ்சிருச்சும்மா. யார் செஞ்சதுன்னு விசாரிக்கிறது எங்க வேலை இல்ல. தனியா செஞ்சேன்னு அவனே ஒத்துக்கிட்டிருக்கான்."

"ரெண்டு பேர் செஞ்சதுக்கு ஒருத்தனைத் தொங்கவிட்டா, அது என்னங்க நியாயம்? அவன்மேல எனக்கு இரக்கம் கிரக்கம் ஒண்ணும் இல்ல. இன்னும் பத்து தடவை பொறந்தாலும் மன்னிக்க மாட்டேன். ஆனா அந்த வாயை மண்ணுக்குள்ள போட்டுட்டா, இன்னொரு முனையைப் பிடிச்சது யாருன்னு நான் எங்கே போய்க் கேப்பேன்?"

தலைவி பேனாவை எடுத்து ஏதோ எழுதினாள். பிறகு சொன்னாள். "நீங்க சொன்னதைக் குறிச்சுக்கிறேன். ஆனா சந்தேகத்தை மட்டும் வெச்சு நான் மேல எழுத முடியாது. அவன் தரப்புல ஒருத்தராவது இதைச் சொல்லணும். அவங்க அம்மா காலையில வந்து அழுதுட்டுப் போனாங்களே தவிர, ஒரு வார்த்தை சொல்லல. சாயங்காலம் நாங்க எழுந்திருச்சிட்டா அப்புறம் எங்க கையில ஒண்ணும் இல்ல."

கறார் அக்கா வெளியே வந்தாள். முதலாளி நடையின் அந்தக் கோடியில் முதுகைக் காட்டிப் போன் பேசிக்கொண்டிருந்தார். நேராக அந்தப் பெஞ்சுக்குப் போனாள். காலில் விழப்போனவளைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"விழுந்ததெல்லாம் போதும். உன் பையன் கூட இருந்தது யாரு?"

"தனியாத்தாம்மா…"

"பொய் சொல்லாத. முதலாளி உன்கிட்ட என்ன சொன்னாரு?"

அந்த அம்மா குரலைத் தாழ்த்தினாள். "தனியான்னு சொன்னா வழக்கு சின்னதாயிரும்னாரு. பெரிய வக்கீலை வெச்சு எப்படியும் வெளிய எடுத்துடுவேன்னாரு. நான்தாம்மா ஜெயிலுக்குப் போய், முதலாளி பேச்சைக் கேளுடான்னு சொல்லிட்டு வந்தேன்."

"எடுத்தாரா?"

"இன்னும் வழி இருக்குன்னாரு. வாயைத் தெறந்தா கெட்டுப்போயிரும்னாரு."

"இன்னிக்கு என்னைக் கார்ல கூட்டிட்டு வந்தது யாரு தெரியுமா? மன்னிக்க மாட்டேன்னு சொல்லு, வேற எதுவும் பேசாதேன்னு வழியெல்லாம் சொல்லிக்குடுத்துட்டு வந்தது யாரு தெரியுமா?"

அவள் கறார் அக்காவைப் பார்த்தாள். நடையின் கோடியைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று. இதுவும் நடிப்போ என்று கறார் அக்காவுக்கு ஒரு கணம் தோன்றாமல் இல்லை. இவ்வளவு நாளும் தெரிந்துகொண்டே வாயை மூடியிருந்தவள்தானே. நம்புவதாவது! ஆனால் நம்பலாமா என்று பார்த்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எழுந்திரு. உள்ள வந்து சொல்லு."

"என்னம்மா, முடிஞ்சுதா?" முதலாளி போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேகமாக வந்துகொண்டிருந்தார். "வா, கார் நிக்குது. அவகிட்ட என்ன பேச்சு உனக்கு?"

பழக்கதோஷம், அந்த அம்மா அவரைக் கண்டதும் குனிந்து ஒதுங்கப் பார்த்தாள். "முதலாளி வர்றாரும்மா…"

"வரட்டும். அவரால உள்ள வர முடியாது. நட."

ஊழியர் ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் கறார் அக்கா தோளால் கதவைத் தள்ளினாள். தலைவி காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். வந்து நின்றவர்களைப் பார்த்ததும் அடுக்குவதை நிறுத்தினாள்.

"என் பையன் தனியா செய்யலம்மா" என்றாள் அரையாளின் அம்மா. உட்காரச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டாள். குரல் உடைந்து, பாதி அழுகையும் பாதி பேச்சுமாக, சின்ன முதலாளி பெயரும் வந்தது, பெரிய முதலாளி சொன்னதும் வந்தது. ஓரத்தில் இருந்தவர் எழுத ஆரம்பித்தார்.

வெளியே முதலாளி ஊழியரிடம் சத்தம் போடுவது கேட்டது. கறார் அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. எழுதியதை ஒருமுறை படித்துக் காட்டச் சொன்னாள். ஒரு இடத்தில் விட்டுப்போனதைச் சொல்லிச் சேர்க்கச் சொன்னாள். அந்த அம்மா கீழே கையெழுத்துப் போட்டு முடிக்கிறவரைக்கும் பிடித்த மணிக்கட்டை விடவே இல்லை.