தேவபிரசாதத்தின் சங்கு

துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டிய தேவபிரசாதம், ரிட்டயர் ஆன மறுநாள் காலை காபி கேட்க வாயைத் திறந்தார். கப்பல் சங்கு ஊதியது. அதற்குப் பிறகு அவர் தொண்டையிலிருந்து வேறு சத்தம் வரவில்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டை சுத்தமாக இருப்பதாகச் சொல்லி பீஸ் வாங்கிக்கொண்டார். முத்தையாபுரம் சீக்கிரமே பழகிக்கொண்டது. சில வீடுகளில் அதைக் கேட்டுத்தான் உலை வைத்தார்கள். பழகாதவன் மகன் பிரைட்டன் ஒருவன்தான். அவனுடைய டைல்ஸ் கடையில் விலை படியாதவர்கள், “அண்ணாச்சி, காலையில உங்க வீட்ல ஆருக்குச் சங்கு ஊதுனாவ?” என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினார்கள். வீட்டிலோ பைக் நிறுத்தும் கோணத்திலிருந்து மருமகள் கேட் திறக்கும் வேகம் வரைக்கும் கிழவர் ஊதித் திருத்தினார். “வேலையில இருந்துதான ரிட்டயர் ஆனிய, வாயில இருந்து ஆகப்படாதா?” என்று பிரைட்டன் ஒருநாள் கேட்டே விட்டான். அப்படியே வருஷங்கள் ஓடின.

பிரைட்டனின் மகள் பெனிஷாவைப் பெண் பார்க்க நாசரேத்திலிருந்து ஆட்கள் வந்த அன்று, அப்பாவைப் பின்னறையில் இருத்திக் கதவைச் சாத்தினான். பேச்சு படிந்தது. கை நனைக்குமுன் வீட்டுக்கு மூத்தவர் ஜெபம் பண்ணுவது அந்தக் குடும்பங்களின் வழக்கம். மாப்பிள்ளையின் அப்பா பால்துரை, “பெரியவுகள எங்க காணும்?” என்றார்.

“ஊர்ல இல்ல. கீழவைப்பார்ல சிநேகிதர் வீட்டுக்குப் போயிருக்காவ.”

பின்னறையில் சங்கு ஊதியது. சின்னச் சின்னதாக மூன்று.

“கப்பலு,” என்றான் பிரைட்டன். “ஹார்பர் பக்கம்லா.”

கடல் பாஷையில் அதற்கு, நான் பின்னால் நகர்கிறேன் என்று அர்த்தம். படகில் அப்பா மடியில் உட்கார்ந்து அதைப் படித்தவன் அவன். அங்கே அது புரிந்ததும் அவனுக்குத்தான். காதுமடல் சுட்டது.

“அது தாத்தா, மாமா,” என்ற பெனிஷா எழுந்து போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, அவர் தயாராகத்தான் இருந்தார்.

பால்துரை எழுந்து, “ஐயா, ஜெபிங்க,” என்றார். தேவபிரசாதம் கண்ணை மூடி நீளமாக ஊதினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, குழம்பு வட்டம் வட்டமாக நடுங்கியது, துறைமுகத்தில் நின்ற ஏதோ கப்பல் பதில் ஊதியது. எல்லாரும் ஆமென் சொன்னார்கள். பிரைட்டனுக்கு உதடு மட்டும் அசைந்தது.

“கனமான ஜெபம், கொஞ்சம் நீளம்,” என்று பால்துரை சோற்றில் கை வைத்தார். “கல்யாணத்துக்கும் ஐயாவே பண்ணட்டும். மைக் செட் மிச்சம்.”

எல்லாரும் சிரித்தார்கள், கிழவரும் சின்னச் சின்னதாக ஊதிச் சிரித்தார். பிரைட்டன் மட்டும் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. மீனில் முள் தீர்ந்த பிறகும் முள் எடுத்துக்கொண்டே இருந்தான்.