வடிகால் இல்லாத ஆய்வகம்

1

இந்தக் கதை ஒரு வாஷ்பேசினுக்கு அடியில் கிடைத்தது. தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் வேதியியல் நடத்துகிறேன். விழுந்த பேனா மூடியை எடுக்கக் குனிந்தேன். புத்தம் புது பேசின். அடியில் வடிகால் குழாய் இல்லை. ஆய்வகத்தில் குழாயும் பேசினும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம்.* தண்ணீர் எங்கே போக வேண்டும் என்று சொல்லவில்லை.

(* கதையில் வரும் சட்டம். நிஜச் சட்டத்தைப் படிக்கத் தொடங்கினேன், தூக்கம் வந்துவிட்டது.)

2

தொடக்கம்: 'ஆய்வுக் குழு வந்த அன்று, கல்வி என்பது—'

வேண்டாம். பெரிய வாக்கியங்கள் எனக்கு வராது.

இப்படி: அங்கீகாரம் தரும் குழு வருமுன், யாரும் தண்ணீரைத் திறந்து பார்க்காமலிருக்க, பல்கலைக்கழக மேலாளர் எல்லாக் குழாய்ப்பிடிகளையும் கழற்றிப் பையில் போட்டார். ஒன்றை மறந்துவிட்டார்.

ஆய்வகத்தில் நானும் என் தங்கையும். அவள் இங்கே கடைசி ஆண்டு. (அவளை வேறொருத்தியாக்கிப் பார்த்தேன். கை ஓடவில்லை.)

3

முதலில் குழுவில் வரும் அதிகாரியைக் கெட்டவராக எழுதினேன். அது எனக்கு வசதி. இப்போது நல்லவர். மறந்துபோன அந்தக் குழாயைத் திறக்கிறார். தண்ணீர் பேசின் வழியாக நேரே அவர் ஷூவில் இறங்குகிறது.

"ஏம்மா, இங்க பிராக்டிகல் எல்லாம் நடக்குதா?"

"கழுவ வேண்டாத பிராக்டிகல் மட்டும் நடக்கும் சார்" என்கிறாள் தங்கை.

"வாயை மூடுடி" என்கிறேன்.

அவர் சிரிக்கிறார். பிறகு சிரிக்கவில்லை.

"ஆய்வகம் இல்லைன்னு எழுதினா அங்கீகாரம் போயிடும். முதலாளி வேற பேர்ல திறந்துடுவாரு. உன் பட்டம்தான் செல்லாதும்மா."

"இருக்குன்னு எழுதினா?"

"செல்லும்."

"எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே சார்."

"அதைச் சட்டம் கேக்கலையே." என் பக்கம் திரும்புகிறார். "நீங்க சொல்லுங்க. இருக்கா, இல்லையா?"

4

முடிவு ஒன்று: இல்லை என்கிறேன். தவறு செய்த யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. தங்கை என்னோடு பேசுவதை விட்டுவிடுகிறாள்.

முடிவு இரண்டு: இருக்கிறது என்கிறேன். அவள் பட்டம் வாங்கி, இதே ஆய்வகத்தில் பாடம் நடத்த வருகிறாள்.

அவளிடமே படிக்கக் கொடுத்தேன்.

"மூணாவது இல்லையாக்கா?"

"தேடிட்டிருக்கேன்."

"நிஜத்துல குழு எப்ப வருது?"

"நாளைக்கு."

"மேலாளர் ஒண்ணையாவது மறந்தாரா?"

"அவரா! எல்லாத்தையும் கழட்டி, பையை என்கிட்டதான் குடுத்து வச்சிருக்கார். நான்தான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேனாம்."

அவள் நாளைக்குப் போட வேண்டிய வெள்ளைக் கோட்டை எடுத்து இஸ்திரி போடத் தொடங்கினாள்.

பை என் மேசைமேல் இருக்கிறது. ஒரு பிடியைத் திரும்ப மாட்ட ஒரு நிமிடம் போதும். மாட்டவா என்று அவளிடம் என்னால் கேட்க முடியவில்லை. உங்களிடம் கேட்கிறேன்.