ஒரே பீப்பாயில் இருவர்

தோள்மூட்டில் அறுவை செய்த டாக்டர், இந்தக் குளிர்காலம் முழுக்க இவானோ துப்பாக்கியைத் தோளில் வைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இவானோ வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டில் இருந்ததோ அவன் மனைவி நிவேஸ் ஒருத்திதான்.

"நான் சுடறேன். நீ கூட வந்து உக்காரு. வாத்தைக் கூப்பிட வாய் போதும்ல?" என்றாள் அவள்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் கொமாக்கியோ ஊரில் ஒரெஸ்தேயின் வேட்டைக்கடைக்கு அவள் கிளம்பியபோது, அவளுக்கு முன்னால் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தான்.

ஒரெஸ்தே சோக்குகளை மேசைமேல் வரிசையாக வைத்தான். துப்பாக்கிக் குழாயின் முனையில் திருகும் சின்ன உருளைகள். நட்சத்திரக் குறி குறையக் குறைய வாய் குறுகும். வெடித்துப் பாயும் ரவைக்குண்டுகள் சிதறாமல் நெடுந்தூரம் போகும்.

"ஒத்தை நட்சத்திரம் எடு," என்றான் இவானோ.

"ஈய ரவைக்கு அது சரி. இப்ப நம்ம ஏரியில இரும்பு ரவைக்கு மட்டும்தானே அனுமதி. இரும்பு நசுங்காது, தானாவே சிதறாம ஒண்ணா போகும். இறுக்கமா போட்டா குழாய்தான் கெட்டுப்போகும்," என்றாள் நிவேஸ். "நேத்து இங்கருந்து இரவல் வாங்கிட்டுப் போய் அட்டையில சுட்டுப் பாத்தேன். நாலு நட்சத்திரம்தான் ஒழுங்கா பரவுது."

"நாலா? நீ வாத்து சுடப் போறியா, கீரைப்பாத்திக்குத் தண்ணி தெளிக்கப் போறியா?"

ஒரெஸ்தே சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டிகளைத் துடைத்தான். நிவேஸ் தோட்டாவையும் தானே தேர்ந்தாள். இரும்பு எடை குறைவு. அதனால் ஈயத்தில் போடுவதைவிட இரண்டு அளவு பெரிய ரவை. ஒவ்வொன்றுக்கும் இவானோ பெருமூச்சு விட்டான்.

ஞாயிறு விடியலில் படகைத் தள்ளிக்கொண்டு போய், வேட்டைக்காரர் மறைந்து உட்கார ஏரிக்குள் புதைத்திருந்த பீப்பாயில் இறங்கினார்கள். பறக்கும் வாத்துகளை ஏமாற்றி இறக்க மிதக்கவிட்ட பொம்மை வாத்துகள் காற்றில் ஆடின. பலகை ஒருவருக்கானது; இருவரும் தொடையோடு தொடை இடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது.

கல்யாணமான முதல் குளிர்காலத்தில் இப்படித்தான் உட்கார்ந்தார்கள். அப்போது இருவருக்கும் ஒரே துப்பாக்கி. ஒரு கூட்டம் உனக்கு, அடுத்த கூட்டம் எனக்கு என்று பேச்சு. தோட்டாக்களைச் சமையலறையில், காப்பிக் கோப்பையில் ரவையை அளந்து இவர்களே நிரப்புவார்கள். ஒருமுறை கோப்பை கவிழ்ந்து, தரையெல்லாம் ரவை உருண்டு, பொறுக்கப் போனவர்கள் பொறுக்காமல் சிரித்துக்கொண்டே படுத்துக்கிடந்தது நிவேஸுக்கு நினைவு வந்தது. பிறகு இன்னொரு துப்பாக்கி வந்தது. இன்னொரு பீப்பாயும் வந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் தனித்தனியாக உட்கார்ந்தே அவர்களுடைய குளிர்காலங்கள் கழிந்துவிட்டன.

"வருது," என்றான் இவானோ.

நாமத்தலை வாத்துகள். அவன் உதட்டைக் குவித்துச் சீழ்க்கை அடித்தான். கூட்டம் திரும்பி வட்டமிட்டது.

"சுடு! இப்ப சுடுடி!"

"தூரம்."

"இதுவா தூரம்? நானா இருந்தா..."

"நீ இல்லையே. கூப்பிடு."

கையில் துப்பாக்கி இல்லாதவனுக்கு வேறு வேலை இல்லை. மறுபடி சீழ்க்கை அடித்தான், இந்த முறை தாழ்வாக, நிதானமாக. அவன் இவ்வளவு அழகாகக் கூப்பிடுவான் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. வாத்துகள் இன்னொரு வட்டம் போட்டு, கால்களை நீட்டி, பொம்மைகளுக்கு நடுவே இறங்க வந்தன. நிவேஸ் எழுந்து இரண்டு முறை சுட்டாள். இரண்டு விழுந்தன.

இவானோ எட்டி, விழுந்த இரண்டையும் பார்த்தான். பிறகு, "அடுத்தது என் முறை," என்றான்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"வலது தோளைத்தானே சொன்னார்."

அவள் துப்பாக்கியை நீட்டினாள். ஒற்றை வாத்து ஒன்று தாழப் பறந்து வந்தது. இவானோ பழக்கமில்லாத இடது தோளில் வைத்துச் சுட்டான். வாத்து அவசரம்கூடக் காட்டாமல் போய்விட்டது. அவன் குழாயின் முனையை வெகுநேரம் உற்றுப் பார்த்தான்.

"இந்தச் சோக்கு இன்னும் கொஞ்சம் அகலமா இருந்திருக்கலாம்."

நிவேஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பீப்பாய் குலுங்க, அவனும் சேர்ந்துகொண்டான். அவன் வலித்த தோளைப் பிடித்துக்கொள்ள, கண்ணில் நீர் வர, இருவரும் சிரித்தார்கள். அந்தச் சத்தத்தில் ஏரியின் அந்தப் பக்கம் இருந்த வாத்துகளெல்லாம் எழும்பிப் போயின.

"அடுத்த வருஷம் உன் தோள் சரியாயிடும்," என்றாள் அவள்.

"ஆயிடும்." துப்பாக்கியை அவளிடம் திருப்பிக் கொடுத்தான். "ஆனா அந்த இன்னொரு பீப்பாய் இருக்குல்ல, அதுல தண்ணி ஒழுகுது."

அது ஒழுகவில்லை என்று அவளுக்குத் தெரியும். "ஆமா, நானும் பாத்தேன்," என்றாள்.

வெயில் ஏறியும் வெகுநேரம் கழித்தே படகைத் திருப்பினார்கள். வீட்டில் இவானோ அடுப்போரம் உட்கார்ந்து இடது கையால் இறகு பிடுங்கினான். எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டுக்காரரிடம், இரண்டையும் தான் கூப்பிட்டுக் கொடுத்த கதையைச் சொன்னான். நிவேஸ் மறுக்கவில்லை. மக்காச்சோள மாவுக் களியான பொலெந்தாவைக் கிளறிக்கொண்டே, சீழ்க்கையை மட்டும் இன்னொரு தடவை அடித்துக்காட்டச் சொன்னாள்.