தூக்கிய கை

கையைத் தூக்கி நிற்கிற சிலை என்றாலே எனக்கு எரிச்சல். அக்குள் பக்கம் விரிசல் விடும், மேலே காக்கை உட்காரும், பழி மட்டும் செய்தவன் தலையில் விழும். அதனால் தளபதியின் சிலைக்கு இரண்டு கைகளையும் தொங்கவிட்டே களிமண் மாதிரியைச் செய்திருந்தேன். சிலைக் குழுவும் தலையாட்டிவிட்டது.

முகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தளபதியே பட்டறைக்கு வந்தார். தொண்ணூறு வயது. போரில் பாலத்தைத் தகர்த்து நகரத்தைக் காப்பாற்றியவர். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அவரைப் பற்றி ஒரு பாடமே உண்டு. அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தது அவருடைய தம்பி மனைவி. தம்பி அதே போரில் இறந்துபோனார். கட்டைப் பிரம்மச்சாரியான தளபதிக்கு அன்றிலிருந்து சமைத்துப்போட்டுப் பார்த்துக்கொள்வது அந்த அம்மாள்தான்.

அந்த அம்மாள் சிலையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. "வலது கையைத் தூக்கி வைங்க," என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வேலை முடியப்போற நேரத்துல இதென்னம்மா புது வம்பு? குழுவே ஒத்துக்கிட்டாச்சு."

"அன்னைக்கு இவர் கரையில கையைத் தூக்கிட்டு நின்னாரு. கை இறங்கினதும் பாலத்தை வெடிக்கணும்னு உத்தரவு. எதிரிங்க பாதிப் பாலம் வந்துட்டாங்க. அவங்களைத் தடுத்துக்கிட்டே பாலத்து மேல பின்வாங்கி வந்தது என் வீட்டுக்காரரோட படை."

"அப்புறம்?" என்றேன். என் வாயைத் தைத்திருக்க வேண்டும்.

"கை இறங்கிடுச்சு."

தளபதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாடப்புத்தகத்தில் இந்தத் தம்பியைப் பற்றி ஒரு வரிகூட நான் படித்ததில்லை.

"தினம் கடைக்குப் போறப்ப இந்தச் சிலையைத் தாண்டித்தான் போகணும். தொங்குற கையை என்னால பார்க்க முடியாதுங்க. அன்னைக்குக் கை மேல இருந்தவரைக்கும் என் வீட்டுக்காரர் உயிரோட இருந்தாரு."

குழுவாவது மண்ணாங்கட்டியாவது! களிமண்ணை வெட்டியெடுத்து உள்ளே இருந்த கம்பியை மேலே வளைத்தேன். ஆனால் தோள் மடிப்பை நேரில் பார்க்காமல் செய்தால் பொம்மைக் கை மாதிரி ஆகிவிடும். "ஐயா, கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க," என்றேன்.

தளபதி தூக்கினார். உடனே முழங்கை சரிந்தது. போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தம்பி மனைவி போய் அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"இறக்கிடட்டுமாம்மா?" என்று கேட்டார் தளபதி.

"வேண்டாம் அத்தான். கொஞ்ச நேரம் பொறுங்க. அவர் வந்துடட்டும்."