சுனையுள்ள செடி

தாரிணிக்கு அந்த மலையில் டாக்டரம்மா என்றுதான் பெயர். தான் ஊசி போடும் டாக்டர் இல்லை, தேயிலைச் செடியைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள் என்று ஆரம்பத்தில் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டார்கள்? காய்ச்சல், வாந்தி என்று வாசலில் வந்து நின்றார்கள். அலுத்துப்போய் மாத்திரை டப்பா ஒன்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

நெல்லியாளத்துக்கு மேலே ஒரு எஸ்டேட்டில், ஆராய்ச்சி நிலையம் எடுத்திருந்த கொஞ்ச நிலத்தில் அவளுடைய செடி நின்றது. தேயிலைக் கொசு கடித்தால் கொழுந்து கருகிவிடும். அந்தக் கொசு கிட்டவே வராத ஒரு செடியை உண்டாக்கிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. ஆசை என்பது லேசான வார்த்தை. பேய் பிடித்து ஆட்டியது என்றே சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் அம்மா பார்த்து வைத்த மாப்பிள்ளைகள் எல்லாம் வேறு இடத்தில் கட்டிப் பிள்ளையும் பெற்றுவிட்டார்கள். அப்பா இறந்தபோது நாற்றுகள் வேர்விடும் சமயம். விட்டுப் போக மனமில்லாமல் தாமதித்தாள். போய்ச் சேர்ந்தபோது எரித்து முடித்திருந்தார்கள்.

பதினோரு வருடம் கழித்துச் செடி தேறியது. இலையின் அடிப்பக்கம் முழுக்கப் பூனைமுடி போலச் சன்னமான சுனை. கொசு அண்டவில்லை. ஜெயித்ததைச் சொல்ல ஆள் தேடியபோதுதான் தனக்கு யாருமே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. அதிலிருந்து ஒரு சோர்வு. தூங்கி எழுந்தாலும் அது போவதில்லை.

மறுநாள் காலை செடியைப் பார்க்க நிலையத்துக் குழு வரவிருந்தது. அவர்கள் சரி என்றால் மலை முழுக்க எல்லா எஸ்டேட்டுக்கும் இந்த நாற்றுதான் போகும். குழுவுக்குக் காட்ட ஒரு படம் வேண்டும் என்று முந்தின நாள் காலையிலேயே போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். தூறல் விடவில்லை. கருப்பம்மாவும் மற்றப் பெண்களும் நனையாமலிருக்க இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பறித்துக்கொண்டிருந்தார்கள்.

"கருப்பம்மாக்கா, ஒரு கொழுந்தக் கையில வச்சுக் காட்டுங்க. கைத்துணிய அவுத்துருங்க, கை தெரியோணும்."

"அழுக்குக் கையி டாக்டரம்மா. வேற யாரையாச்சும் புடிங்க."

வேறு யாரும் முன்னால் வரவில்லை. கைகள் எல்லாம் சாக்குக்குள் போய் ஒளிந்துகொண்டன. தாரிணி சிரித்துக்கொண்டே கருப்பம்மாவின் கைத்துணியை உருவினாள். சிரிப்பு நின்றுபோனது. விரலிடுக்கெல்லாம் வெடித்துத் தோல் உரிந்து, உள்ளங்கை ரணமாகக் கிடந்தது.

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சுனை. ஓர் இலை, இரண்டு இலை கிள்ளிப் பார்க்கிறவளை அது ஒன்றும் செய்யாது. ஈரக்கொழுந்தை நாள் முழுக்கப் பறிக்கிறவள் கையை அறுக்கும்.

"ஏனுங்க எங்கிட்டச் சொல்லல? தலவலிக்குக்கூட வந்து நிப்பீங்களே!"

கருப்பம்மா மற்றவர்களைப் பார்த்தாள். "எப்புடிச் சொல்றது? ஒத்தையில கெடக்குறீங்க. தீவாளி, பொங்கலுக்கும் ஊருக்குப் போறதில்ல. இந்தச் செடிதான் ஒங்களுக்குப் புள்ள. பெத்தவகிட்டப் போயி ஒம் புள்ள சரியில்லன்னு எப்புடிச் சொல்ல? கைக்கென்ன, எண்ணெயப் போட்டா ஆறிரும்."

தாரிணிக்கு முதலில் கோபம்தான் வந்தது. தன்மேல் இரக்கப்படச் சொல்லி இவர்களை யார் கேட்டார்கள்? கோபம் அடங்கியதும் வந்தது அதைவிடக் கேவலமான நினைப்பு. இவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். நாளை ஒரு நாளைக் கடத்திவிட்டால் போதும், கையுறை வாங்கிக் கொடுத்துச் சமாளித்துவிடலாம். ஆனால் மற்ற எஸ்டேட்டுகளில் பறிக்கப் போகிறவர்களுக்கு டாக்டரம்மா யாரென்றே தெரியாது. அவர்களும் பொறுத்துக்கொள்வார்கள், வேறு வழியில்லாமல்.

"நாளைக்கு அவங்க வர்றப்போ எல்லாரும் கையக் காட்டுங்க."

"மாட்டோம்," என்றாள் கருப்பம்மா. "ஒங்கள நாங்க காட்டிக்குடுக்க மாட்டோம்."

எவ்வளவு கெஞ்சியும் அவர்கள் மசியவில்லை. வாயால் சொல்லலாம்தான், சொன்னால் குழு இந்தப் பெண்களைக் கேட்கும், இவர்கள் ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்வார்கள். தாரிணி போனைப் பையில் போட்டாள். ஒரு கூடையை எடுத்து மாட்டிக்கொண்டு வெறும் கையால் பறிக்க ஆரம்பித்தாள். "வேணாங்க, சொன்னாக் கேளுங்க," என்று கருப்பம்மா பின்னாலேயே வந்தாள். மத்தியானத்துக்குள் விரல்கள் எரிந்தன. தான் உண்டாக்கியதை அவள் அன்றுதான் முதல்முறையாக நாள் முழுக்கத் தொட்டாள். வலியைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. பொழுது சாயும்வரை நிறுத்தவில்லை.

காலையில் குழு வந்தது. தலைவர் பூரித்துப்போய், "இந்த மலைக்கே பெரிய காரியம் செஞ்சிருக்கீங்க டாக்டர்!" என்று கை குலுக்க வந்தார். தாரிணி கையைக் கொடுக்கவில்லை. வீங்கி வெடித்த இரண்டு உள்ளங்கைகளையும் அவர் முகத்துக்கு நேரே விரித்தாள்.

"இந்தச் செடியாலதாங்க. இத எங்கியும் அனுப்பாதீங்க. எல்லாத்தையும் புடுங்கிருங்க."

தலைவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். செடிகளுக்கு நடுவிலிருந்து கருப்பம்மாவின் குரல் கேட்டது. அழுகிறாளா, திட்டுகிறாளா என்று சொல்ல முடியாத குரல்.

"அட பாவி மகளே, இதுக்கா நாங்க இத்தன நாளாப் பொறுத்துக்கிட்டுக் கெடந்தோம்?"